ஒரே வீட்டுப் பூச்சி, ஆளுக்கொரு நோய்

காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து 27 வயதுப் பெண்மணி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர் இப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி; நடவு, களையெடுப்பு என்று வயல் வேலைக்குப் போய்வந்தவர். அவருக்கு ஹீமோகுளோபின் 8.6 என்றும், மலத்தில் கொக்கிப்புழுவின் முட்டைகள் இருப்பதாகவும் பரிசோதனையில் தெரியவந்திருக்கிறது. கர்ப்பம் உறுதியான புதிதில் பூச்சி மாத்திரை கேட்டபோது கிராம சுகாதார செவிலியர் கொடுக்க மறுத்துவிட்டதால், பிரசவம் முடியும்வரை அதைத் தொடவே கூடாது என்று எண்ணியிருக்கிறார். ஆறு வயது மகனுக்கு மலத்தில் நாக்குப்பூச்சி விழுந்திருக்கிறது. 34 வயதுக் கணவருக்குச் சென்ற ஆண்டு கல்லீரலில் அமீபாச் சீழ்க்கட்டி ஏற்பட்டு, மருத்துவமனையில் ஊசி வழியே சீழை எடுத்திருக்கிறார்கள். 66 வயது மாமனாருக்குப் பல ஆண்டுகளாக இழுப்பு; இரத்தத்தில் ஈசினோபில் என்னும் வெள்ளணுக்கள் கூடியிருப்பதாகவும், ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கலாம் என்றும் நெஞ்சக மருத்துவர் சொல்லியிருக்கிறார். 60 வயது மாமியாருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

ஒரே கிணற்றுத் தண்ணீரும் ஒரே அடுப்புச் சோறும்தான் எல்லோருக்கும் என்றிருக்க, ஆளுக்கொரு நோய் எப்படி வந்தது என்பது அவருடைய முதல் கேள்வி. பூச்சி என்பது குழந்தைகள் சமாச்சாரம், வயதான உடம்பில் அது தங்காது என்று மாமனார் பரிசோதனைக்கு மறுக்கிறார். கணவருக்கு வந்தது கள் குடித்ததால் வந்த வினை என்கிறார் மாமியார். பெண் உடம்பு எதையும் தாங்கும் என்பதும் அவர் வாக்கு. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் பொடி ஒன்றை ஐந்து பேருக்குமாக வாங்கி வைத்திருக்கும் வாசகி, அதோடு ஆளுக்கொரு பூச்சி மாத்திரையை ஒரே நாளில் விழுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மாமனாரைப் பற்றிக் கடிதத்தின் கடைசியில் நான்கே வரிகள் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் வீட்டில் இந்த வாரமே எடுத்தாக வேண்டிய முடிவு அவரைப் பற்றியதுதான்.

ஸ்டீராய்டுக்கு முன் ஒரு பரிசோதனை

வெறுங்காலோடு வயலில் உழைத்து வாழ்ந்த ஒரு முதியவரின் இரத்தத்தில் ஈசினோபில் கூடியிருந்தால், அதை முழுவதும் ஆஸ்துமாவின் கணக்கில் எழுதிவிடும் முன், ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்னும் நூலிழை போன்ற சிறு புழு குடலில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மற்றக் குடற்புழுக்களுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. நாக்குப்பூச்சியோ கொக்கிப்புழுவோ நம் உடலுக்குள் பெருகுவதில்லை. அவற்றின் முட்டை வெளியே மண்ணில் விழுந்து பக்குவப்பட்டு மீண்டும் உள்ளே வந்தால்தான் புழுக்களின் எண்ணிக்கை கூடும். ஸ்ட்ராங்கிலாய்டிஸின் குஞ்சுகளோ குடலுக்குள்ளேயே முதிர்ந்து, குடற்சுவரையோ ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலையோ துளைத்துக்கொண்டு மறுபடியும் அதே ஆளின் உடலில் குடியேறிவிடும். இப்படி ஒருமுறை நுழைந்த புழு, மண்ணோடு தொடர்பே அற்றுப்போன பிறகும், தலைமுறை தலைமுறையாக அந்த உடலிலேயே இருந்துவிட முடியும். இரண்டாம் உலகப் போரில் சயாம்–பர்மா ரயில் பாதையில் கைதிகளாக உழைத்த பிரிட்டிஷ் சிப்பாய்களிடம், ஊர் திரும்பிப் பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் இந்தப் புழு உயிரோடிருந்தது கண்டறியப்பட்டது. மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மடிந்ததும் அதே பாதையில்தான். பிழைத்துத் திரும்பிய அவர்களுக்கு அப்படி ஒரு பரிசோதனை வாய்த்திருக்குமா என்பது வேறு கதை.

இத்தனை ஆண்டுகளும் அது அடங்கிக் கிடப்பதற்குக் காரணம் உடலின் காவல். புழுவை அறவே ஒழிக்க முடியாவிட்டாலும், ஈசினோபில் அணுக்களும் அவற்றை ஏவும் டி அணுக்கள் என்னும் மற்றொரு வகை வெள்ளணுக்களும் அதன் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. முதுமையில் இந்தக் காவல் தளர்கிறது. டி அணுக்களைப் பயிற்றுவிக்கும் தைமஸ் சுரப்பி இளமையிலிருந்தே சுருங்கத் தொடங்கி, அறுபதைக் கடக்கும்போது பெரும்பாலும் கொழுப்பாக மாறியிருக்கும். பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் எஞ்சியிருந்தாலும், புதிய அணுக்களின் வரத்து மிகவும் குறைந்துவிடும். அந்த நிலையில் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்தால், ஈசினோபில்களும் டி அணுக்களும் ஒரேயடியாக ஒடுங்கிவிட, புழு கட்டுப்பாடின்றிப் பெருகி நுரையீரல், இரத்தம், சில வேளை மூளையுறை வரை பரவுகிறது. குடலிலிருந்து புறப்படும் குஞ்சுகள் அங்குள்ள பாக்டீரியாக்களையும் இழுத்துச் செல்வதால் இரத்தத்தில் நச்சுத்தொற்று ஏற்பட்டு உயிரிழப்பு வரை போகலாம். சில நாள் ஸ்டீராய்டுக்குப் பின்பே இப்படி நேர்ந்ததுண்டு.

ஆகவே வயதான உடம்பில் பூச்சி தங்காது என்று மாமனார் சொல்வது, இந்தப் புழுவைப் பொறுத்தவரை உண்மைக்கு நேர்மாறானது. அவரிடம் வாதாடுவதைவிட, இழுப்புக்கான மருந்து பாதுகாப்பாக வேலை செய்ய இந்தப் பரிசோதனை தேவை என்று சொல்லிப் பாருங்கள், உண்மையும் அதுதான். இடுப்பு, பிட்டம், தொடைப் பகுதிகளில் அவ்வப்போது கோடு போலத் தடித்து, சில மணி நேரத்தில் இடம் நகர்ந்து, பிறகு தானாக மறைந்துவிடும் அரிப்பு அவருக்கு உண்டா என்று உங்கள் கணவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். மருமகளிடம் சொல்லக் கூச்சப்படும் விஷயம் இது. மருத்துவருக்கோ இது மிகவும் பயனுள்ள தடயம்.

மலத்தை ஒரே ஒரு முறை பார்த்து ‘இல்லை’ என்று வந்தால் அதை நம்பிவிட முடியாது. இந்தப் புழுவின் குஞ்சுகள் குறைவாகவும் விட்டுவிட்டுமே வெளியேறும். வெவ்வேறு நாட்களில் எடுத்த மாதிரிகள் தேவை. வசதியுள்ள இடத்தில், புழுவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிரணு (ஆன்டிபாடி) என்னும் புரதம் இரத்தத்தில் இருக்கிறதா என்றும் பரிசோதிக்கலாம். புழு உறுதியானாலோ, பரிசோதனைக்குக் காத்திருக்க முடியாத அளவு இழுப்பு கடுமையாக இருந்தாலோ, ஸ்டீராய்டு தொடங்கும் முன்பு அல்லது அதனுடன் சேர்த்து ஐவர்மெக்டின் என்னும் புழு மருந்தைக் கொடுப்பார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. அதை மருத்துவரே எழுதிக் கொடுக்கட்டும். வீட்டில் எல்லோரும் விழுங்கும் அல்பெண்டசோல் இந்தப் புழுவிடம் அவ்வளவாக எடுபடாது என்பதால், பூச்சி மாத்திரை போட்டாயிற்று என்று இங்கே நிம்மதி அடைய முடியாது.

இரண்டு எச்சரிக்கைகள். ஸ்டீராய்டு மாத்திரையை அவர் ஏற்கெனவே தொடங்கியிருந்தால், இதைப் படித்துவிட்டுத் திடீரென நிறுத்த வேண்டாம். அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். தொடங்கிய பிறகு ஈசினோபில் எண்ணிக்கை குறைந்தால் அதைப் புழு ஒழிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; ஸ்டீராய்டே அதைக் குறைத்துவிடும். மூச்சில் உறிஞ்சும் இன்ஹேலரைப் பற்றி இந்த அளவு அஞ்ச வேண்டியதில்லை. அதை வழக்கம்போலத் தொடரட்டும்.

உங்கள் பகுதி யானைக்கால் நோய் நெடுங்காலம் இருந்த பகுதி என்பதால் மற்றொன்றையும் மருத்துவர் மனத்தில் வைத்திருப்பார். யானைக்கால் புழுவின் குஞ்சுகளுக்கு எதிராக நுரையீரல் அளவுமீறிக் கொந்தளிப்பதால் இரவில் இருமலும் இழுப்பும் வரும் நோய் ஒன்று உண்டு; ஊரில் பொதுவாக ஈஸ்னோபீலியா என்றே சொல்வார்கள். அது பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குட்பட்ட ஆண்களின் நோய். ஒரு பெண்ணுக்கு நான்கு ஆண்கள் என்ற விகிதத்தில் காணப்படுகிறது. ஈசினோபில் எண்ணிக்கை ஒரு மைக்ரோலிட்டருக்கு 3000-க்கு மேல் போகும்; இயல்பான உச்சவரம்பு 500தான். மாமனாரின் வயது இந்த நோய்க்கான வாய்ப்பைக் குறைக்கிறதே தவிர இல்லையென்று ஆக்கவில்லை. ‘அதிகம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள்; சரியான எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவருக்கு மட்டும் ஏன் கல்லீரலில்?

மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. குடிப்பழக்கம் கல்லீரலைப் பலவீனப்படுத்துகிறது. அமீபாச் சீழ்க்கட்டி குடிப்பவர்களிடம் கூடுதலாக வருவதைத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மருத்துவர்கள் நெடுநாளாகப் பார்த்துவருகிறார்கள். ஆனால் கதை அங்கே முடிவதில்லை. எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகா என்னும் அந்த ஒற்றையணு உயிரி ஆண் பெண் இருபாலர் குடலிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் காணப்படுகிறது. குடலைத் தாண்டிக் கல்லீரலுக்குச் சென்று கட்டியாவது மட்டும் வளர்ந்த ஆண்களிடம் பெண்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம். பருவமடையாத சிறுவர் சிறுமியரிடம் இந்த வேறுபாடு இல்லை. குடிப்பழக்கம் மட்டுமே காரணமென்றால் இதை விளக்க முடியாது.

ஆய்வுக்கூடத்தில் பெண் எலிகளுக்கு ஆண் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனைக் கொடுத்தபோது அவற்றின் கல்லீரல் கட்டிகள் பெரிதாயின; விதை நீக்கப்பட்ட ஆண் எலிகளுக்குக் கட்டிகள் சிறுத்தன. எலிகள் கள் குடிப்பதில்லை என்பதை மாமியாரிடம் சொல்லலாம். இந்த அமீபாவை அடக்க இன்டர்ஃபெரான்–காமா என்னும் சமிக்ஞைப் புரதம் விரைவாகச் சுரக்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் அந்தச் சுரப்பைத் தணிக்கிறது. போதாக்குறைக்கு, அழற்சி அணுக்களைக் கல்லீரலுக்குள் கூட்டிவந்து, அமீபாவைவிட அந்த அணுக்களே திசுவை அதிகம் அழிக்கும்படியும் செய்கிறது. பெண்களின் இரத்தநீரில் அமீபாக்கள் கூடுதலாக மடிகின்றன என்பதும் சோதனைக்குழாயில் காட்டப்பட்டிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு ஆண்களின் எதிர்ப்புச் சக்தி எல்லாவற்றிலும் மட்டம் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். பீகாரில் கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசார் என்னும் ஒட்டுண்ணி நோயிலும் வளர்ந்த ஆண்களே பட்டியலில் கூடுதலாக இருக்கிறார்கள். ஆனால் அங்கே பெண்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுவதே குறைவு என்பதும் அந்தக் கணக்கில் கலந்திருக்கிறது. உடலின் வேறுபாடு எங்கே முடிகிறது, வேலையும் வீட்டு வழக்கமும் எங்கே தொடங்குகின்றன என்று பிரித்துச் சொல்வது பெரும்பாலான ஒட்டுண்ணி நோய்களில் எளிதல்ல. கல்லீரல் கட்டியில் மட்டும் உடலின் பங்கு ஓரளவு தெளிவாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

நடைமுறையில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு கேள்விதான் முக்கியம்: கட்டிக்கு மெட்ரோனிடசோல் கொடுத்து முடித்த பின், குடலில் எஞ்சியிருக்கும் அமீபாவை ஒழிக்க டைலாக்சனைடு ஃபுரோயேட் போன்ற இரண்டாவது மருந்தைப் பத்து நாள் கொடுத்தார்களா? முதல் மருந்து கல்லீரலில் இருப்பதைக் கொல்லும். குடலில் கூடுகட்டியிருப்பதை முழுவதும் அழிக்காது. அந்த இரண்டாம் மருந்து விடுபட்டிருந்தால், கட்டி மீண்டும் வரக்கூடும். அவர் மலம் வழியாக வீட்டில் மற்றவர்களுக்கும் அமீபா பரவக்கூடும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது எழுதியிருக்கும். தாள் தொலைந்துவிட்டதென்றால் தயங்காமல் அந்த மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளில் உள்ள கடமை. அவர்கள் உங்களுக்குச் செய்யும் உதவி அன்று. கள்ளையும் மதுவையும் அவர் விட்டுவிடுவது நல்லது என்பதில் மாமியாரோடு நானும் சேர்ந்துகொள்கிறேன்.

உங்கள் கர்ப்பமும் கொக்கிப்புழுவும்

செவிலியர் அன்று மறுத்தது சரியான செயல். முதல் மூன்று மாதங்களில் அல்பெண்டசோல் கொடுப்பதில்லை. அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட முடிவுதான் தவறு. முதல் மூன்று மாதம் கடந்த பிறகு, கர்ப்பிணிகளுக்கு ஒரு வேளை 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கொக்கிப்புழுவும் சோகையும் மிகுந்த பகுதிகளுக்குப் பரிந்துரைக்கிறது; இந்திய அரசின் இரத்தசோகைத் தடுப்புத் திட்டத்திலும் இரண்டாம் மும்மாதத்தில் அது இடம்பெற்றிருக்கிறது. நீங்கள் இப்போது அந்தக் காலத்தில்தான் இருக்கிறீர்கள். முட்டை இருப்பது உறுதியாகி, ஹீமோகுளோபினும் 8.6-ஆக இருக்கும்போது, உங்களுக்கு இது வெறும் முன்னெச்சரிக்கை மாத்திரை அல்ல, சிகிச்சை.

கணக்கைப் பாருங்கள். கொக்கிப்புழுவில் இரண்டு வகை உண்டு. பெரிய வகையில் ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.2 மில்லிலிட்டர் வரை இரத்தத்தை வீணாக்கும். சிறிய வகை 0.03 மில்லிலிட்டர் அளவு. பெரிய வகையில் ஐம்பது புழு இருந்தாலே நாளுக்குப் பத்து மில்லிலிட்டர் இரத்தம், உங்கள் இரத்தத்தின் அடர்த்தியில் ஏறத்தாழ 3 மில்லிகிராம் இரும்பு. அதில் சிறிதளவைக் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொண்டாலும், சாதாரணமாக ஒருவர் உணவிலிருந்து ஒரு நாளில் சேர்க்கும் இரும்பே ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். கர்ப்ப காலம் முழுவதற்கும் சேர்த்துக் கூடுதலாக ஏறத்தாழ 1000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படும் உடலில் இந்தக் கசிவு எத்தகைய சுமை என்பது புரியும். அதே புழு, அதே எண்ணிக்கையில் உங்கள் கணவரின் குடலில் இருந்தால் அவருக்கு ஒன்றுமே தெரியாமல் போகலாம். இந்த இடத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள வேறுபாடு எதிர்ப்பாற்றலில் அல்ல, இரும்புக் கையிருப்பில். மாதவிலக்கிலும் பிரசவத்திலும் தாய்ப்பால் கொடுத்த காலத்திலும் அது கரைந்துகொண்டே வந்திருக்கிறது. பெண் உடம்பு எதையும் தாங்கும் என்ற வாக்கு இங்கேதான் பெண்களுக்குக் கேடு செய்கிறது. தாங்கிக்கொண்டிருப்பது தெரிகிறது, இழந்துகொண்டிருப்பது ஹீமோகுளோபின் பார்த்தால்தான் தெரியும்.

கர்ப்பத்தில் எதிர்ப்பாற்றல் அணைந்துபோகிறது என்று நீங்கள் எங்கோ படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது அணைவதில்லை; பாதி தந்தையின் கூறுகளைக் கொண்ட குழந்தையை அயலாகக் கருதித் தாக்காதபடி தன் போக்கை மாதத்துக்கு மாதம் மாற்றிக்கொள்கிறது. அதனால் சில தொற்றுகள் கடுமையாகும், பல தொற்றுகள் ஆகா. ஆப்பிரிக்காவில் மலேரியா மிகுந்த பகுதிகளில் சிறு வயதிலிருந்தே காய்ச்சல் கண்டு பழகி, வளர்ந்த பின் மலேரியாவால் பெரிதும் பாதிக்கப்படாத பெண்கள்கூட, முதல் கர்ப்பத்தில் அதற்கு எளிதாக இரையாகிறார்கள். அவர்களின் எதிர்ப்பாற்றல் பொதுவாகக் குறைந்துவிடுவது மட்டும் அதற்குக் காரணமல்ல. மலேரியாவை உண்டாக்கும் ஃபால்சிபாரம் ஒட்டுண்ணி நஞ்சுக்கொடியில் ஒட்டிக்கொள்ள வார்2சிஎஸ்ஏ என்னும் தனிப் புரதத்தைப் பயன்படுத்துகிறது, நஞ்சுக்கொடியே இல்லாதிருந்த உடல் அதுவரை அதைச் சந்தித்ததில்லை. அதற்கான எதிரணுக்கள் உருவாகிவிட, அடுத்தடுத்த கர்ப்பங்களில் ஆபத்து குறைகிறது. கொக்கிப்புழுவோடு அப்படி ஓர் ஆறுதல் கிடையாது. எத்தனை முறை வந்தாலும் அதற்கெதிராக முழுமையான பாதுகாப்பு நமக்கு உருவாவதில்லை. தன்னைத் தாக்கும் அணுக்களை அமைதிப்படுத்தும் பொருள்களைச் சுரந்து அது தங்கிவிடுகிறது. நாக்குப்பூச்சி 5 முதல் 15 வயதுக்குள் உச்சத்தில் இருந்து பிறகு குறையும். கொக்கிப்புழுவோ வளர்ந்த வயதிலும் குறையாது, பல ஊர்களில் வயதோடு கூடவும் செய்யும். பூச்சி குழந்தைகள் சமாச்சாரம் என்ற எண்ணம் நாக்குப்பூச்சியைப் பார்த்து உண்டானது.

மாத்திரையால் குழந்தைக்கு ஆபத்து உண்டா என்ற உங்கள் அச்சத்துக்கும் நேரான பதில் தர வேண்டும். முதல் மும்மாதத்துக்குப் பின் கொடுத்ததில் பிறவிக் குறைபாடுகள் கூடியதாகத் தெரியவில்லை. உகாண்டாவின் எண்டெபேயில் நடந்த பெரிய ஆய்வொன்றில், கர்ப்பத்தில் அல்பெண்டசோல் பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்தில் கரப்பான் (எக்ஸிமா) என்னும் தோல் நோய் சற்றுக் கூடுதலாக வந்தது. தாயின் வயிற்றுப் புழு, கருவிலிருக்கும் குழந்தையின் எதிர்ப்பு அமைப்பையும் சிறிது பழக்கிவைக்கிறது என்பதற்கு அது ஒரு சான்று. புழுவே இல்லாத பெண்ணிடம் தராசின் இந்தத் தட்டு சற்றுக் கனக்கலாம். புழுவும் சோகையும் சேர்ந்த உங்களிடம், பிரசவத்தில் ஏற்படக்கூடிய இரத்த இழப்பும் எடைகுறைந்த குழந்தைப் பேறும்தான் பெரிய ஆபத்து. என் கருத்து, மாத்திரையைச் சாப்பிடுங்கள் என்பதே.

அடுத்த தாய் சேய் பரிசோதனை நாளில் இதைச் சொல்லி, மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கேட்டுப் பெறுங்கள். 8.6 என்பது மிதமான சோகையின் எல்லைக்குள் வருவதால், தடுப்புக்காக எல்லோருக்கும் தரும் இரும்பு மாத்திரை உங்களுக்குப் போதாது. அளவைக் கூட்டலாமா, ஊசி மூலம் இரும்பு ஏற்றலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். புழு போய்விட்டது என்று இரும்பையும், இரும்பு சாப்பிடுகிறேன் என்று புழு மருந்தையும் விட்டுவிடக் கூடாது. மாமனாருக்கு எழுதிக் கொடுக்கும் ஐவர்மெக்டினை எக்காரணம் கொண்டும் நீங்கள் பகிர்ந்துகொள்ளாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுப்பதில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாத்திரை, ஒரே நாளில் என்ற யோசனையை நான் ஏற்காததற்கு இதுவே போதுமான காரணம்.

அந்தப் பொடியைப் பற்றி

எதிர்ப்புச் சக்தியைத் தொட்டித் தண்ணீர் போல எண்ணி, மட்டம் இறங்கினால் ஊற்றி நிரப்பலாம் என்ற நம்பிக்கையில்தான் இந்தப் பொடிகள் விற்கின்றன. உங்கள் வீட்டையே பாருங்கள். புழுவுக்கு எதிரான தாக்குதல் வேறு, அமீபாவுக்கு எதிரான தாக்குதல் வேறு. புழுவை எந்த அணுவாலும் விழுங்க முடியாது என்பதால், ஐஜிஇ எதிரணு, ஈசினோபில், குடலின் சளிச்சுரப்பு, குடலசைவு எல்லாம் சேர்ந்து அதைப் பிடி தளரச் செய்து வெளியே தள்ளப் பார்க்கின்றன. அமீபாவுக்கு அந்தப் படை பயன்படாது. அங்கே இன்டர்ஃபெரான்–காமா வேண்டும். இவற்றில் ஒன்று ஓங்கினால் மற்றொன்று தணிவதும் உண்டு. எதைக் கூட்டுவது?

கூடுதலான எதிர்ப்பே நல்லது என்பதும் தவறு. யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இரத்தத்தில் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்க, எந்த அறிகுறியும் இல்லாமல் நடமாடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் உடல் புழுவோடு சமரசம் செய்துகொண்டுவிட்டது. முன்பு சொன்ன ஈஸ்னோபீலியா நுரையீரல் நோய் வந்தவரின் இரத்தத்திலோ ஒரு குஞ்சும் இருக்காது. எல்லாவற்றையும் அழித்துவிடுகிற அவருடைய எதிர்ப்புதான் அவரை இரவெல்லாம் இரும வைக்கிறது. எதிரணுக்களை ஆண்களைவிட வலுவாக உண்டாக்கும் பெண்களிடம்தான், சொந்த உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோய்களும் மிகுதி. லூபஸ் நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

நீங்கள் கர்ப்பிணி என்பதால், உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தெளிவாக எழுதாத எந்தப் பொடியையும் சாப்பிட வேண்டாம். பையனுக்கு மாமியார் கொடுக்கும் வேப்பங்கொழுந்தைப் பற்றிச் சண்டை வேண்டாம்; எப்போதாவது ஒரு சிறு உருண்டை கொடுப்பதோடு நிற்கட்டும். நீங்கள் அதைச் சாப்பிட வேண்டாம். வேப்பெண்ணெயைக் குழந்தைக்கு வாயில் புகட்டுவது மட்டும் கூடவே கூடாது. அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாமியாரும் மகனும்

மாமியாருக்குத் தொந்தரவு இல்லை என்பதற்காக அவரை விட்டுவிடாதீர்கள். நாற்று நடவு பெரும்பாலும் பெண்களின் வேலையாக இருக்கும் உங்கள் பகுதியில், ஈரச் சேற்றில் வெறுங்காலோடு நின்ற ஆண்டுகள் மாமனாரைவிட அவருக்கே கூடுதலாக இருக்கலாம். ஒரு மலப் பரிசோதனையும் ஹீமோகுளோபினும், முடிந்தால் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். மாமனாருக்குச் சொன்ன ஸ்ட்ராங்கிலாய்டிஸ் எச்சரிக்கை, நாளைக்கு மூட்டுவலிக்கு யாராவது ஸ்டீராய்டு எழுதினால் அவருக்கும் பொருந்தும். நம் ஊரில் மூட்டுவலிக்கென்று பெயர் தெரியாத மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்து கொடுப்பது புதிதல்ல.

மகனைப் பற்றி நீங்கள்தான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். ஐவரில் எளிதாகச் சரியாகக் கூடியவர் அவர்தான். ஒரு வேளை அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், நன்றாக மென்று விழுங்க வேண்டும். சில மாதங்களில் மீண்டும் பூச்சி விழுந்தால் மருந்து பொய்யென்றோ பிள்ளைக்குச் சக்தி இல்லையென்றோ எண்ண வேண்டாம். மண்ணில் விளையாடும் வயதில் முட்டை திரும்பத் திரும்ப உள்ளே போகும், அதைத் தடுக்கும் அனுபவம் அவன் உடலுக்கு இன்னும் சேரவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதுக்குப் பின் இந்தத் தொல்லை குறைவது, பாதி உடல் கற்றுக்கொள்வதால், பாதி மண்ணில் விளையாடுவதை அவன் விட்டுவிடுவதால். ஒரே தெருவில் சில பிள்ளைகளுக்கு மட்டும் மறுபடி மறுபடி நிறையப் பூச்சி சேர்வதும் உண்டு. நேபாளத்தின் ஜிரெல் மக்களிடையே நடந்த ஆய்வுகள், அதில் பரம்பரைக் கூறுகளுக்குக் கணிசமான பங்கு இருப்பதைக் காட்டின. தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரையிலானவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் மாத்திரை தருகிறார்கள்; தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும், கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் நீங்கலாக, அது உண்டு. அண்மையில் அப்படிப் பள்ளியில் அவன் விழுங்கியிருந்தால் அந்தத் தேதியை மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை போட்ட பிறகு வயிறு உப்பி, கடுமையாக வலித்து, வாந்தி எடுத்து, மலமும் போகாமலிருந்தால் வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். பூச்சிகள் திரண்டு குடலை அடைப்பது அரிதுதான், ஆனால் அது சிறு குழந்தைகளிடம்தான் நேர்கிறது.